மாடி வீட்டுக்குக் குடிவரும் தம்பிக்கு: சேலத்தில் பகலைவிட ராத்திரியைக் கவனியுங்கள்

கேள்வி இதுதான். சென்னையிலிருந்து மாற்றலாகி ஏப்ரல் கடைசியில் சேலம் வருகிறார் ஒரு தம்பி. அம்மாபேட்டைப் பக்கம் வாடகை வீடு பார்த்திருக்கிறார், இரண்டாவது மாடி, தலைக்கு மேலே நேராக மொட்டைமாடி. கூடவே மனைவி, நான்கு வயதுக் குழந்தை, எழுபதைத் தொடும் அம்மா. சேலத்து வெயிலில் எப்படி ஒரு நாளை ஓட்டுகிறீர்கள், ஏசி வாங்க வேண்டுமா, கூலர் போதுமா, தாங்க முடியாவிட்டால் சனி ஞாயிறு ஏற்காட்டுக்கு ஓடிவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, நான் இந்த ஊரில் ஃபேனுக்குக் காயில் கட்டுகிறவன். கூலர், மிக்ஸி, தண்ணி மோட்டார் எது வந்தாலும் பார்ப்பேன். 26 வருஷமாக மார்ச் பிறந்தால் ஜூன் வரை தினமும் நாலைந்து வீட்டு மாடியாவது ஏறி இறங்குகிறேன், அதனால் யார் வீட்டில் சூடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது எனக்கு ஓரளவு அத்துப்படி. சீசனில் ஒரு போன் தவறாமல் வரும்: "அண்ணே, ஃபேன் அனலாக் கக்குது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் ஃபேனில் ஒரு கோளாறும் இருக்காது. ஃபேன் காற்றைக் குளிர வைக்காது, மேலே இருக்கிற காற்றைக் கீழே இறக்கிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. காலையிலிருந்து மாலை ஐந்து வரை வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம், அந்தச் சூட்டைச் சாயங்காலம் தொடங்கி நடு ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஆபீஸ் முடிந்து ஆறரை மணிக்குச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனை ஐந்தில் வைக்கிற நேரம்தான் கூரை உச்சத்தில் இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறிச் சீலிங்கைக் கையால் தொட்டுப் பாருங்கள், இறக்கி வைத்த இட்லிப் பானை மூடி மாதிரி இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், எங்கள் ஊரில் பகல் வெயிலுக்குப் பயப்பட வேண்டாம், அதற்கு ஊரே ஒதுங்கிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. ஆளைச் சாய்ப்பது ராத்திரித் தூக்கம் கெடுவதுதான். மூன்று ராத்திரி சரியாகத் தூங்காதவன் நாலாவது நாள் பன்னிரண்டு மணி வெயிலில் வண்டி ஓட்டினால் தலை சுற்றும். பணம் செலவு செய்வதென்றால் முதலில் கூரைக்குச் செய்யுங்கள், ஏசியெல்லாம் அப்புறம்.

வீட்டுக்காரரிடம் பேசி மொட்டைமாடியில் வெள்ளை அடிக்க அனுமதி வாங்குங்கள். கூரைக்கென்றே விற்கிற வெள்ளைப் பெயிண்ட் கிடைக்கிறது. அது விலை அதிகம் என்றால் சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட் அடித்தாலே வித்தியாசம் தெரியும், ஒரு மழைக்காலம் போனால் மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கறுத்துப் பாசி பிடித்த தளம் அத்தனையையும் உள்வாங்கும். படுக்கையறைக்கு மேலே மட்டுமாவது பச்சை நிழல்வலை கட்டலாம், ஆனால் தளத்தை ஒட்டிக் கட்டாமல் ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள், நடுவில் காற்று போக வேண்டும். தென்னங்கீற்று வேய்ந்தால் அதைவிடக் குளிர்ச்சி, ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது வெடி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு செய்யுங்கள்.

தண்ணீர் தெளிப்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான், நேரம்தான் பலருக்குத் தெரிவதில்லை. மத்தியானம் கொட்டினால் ஐந்து நிமிஷத்தில் ஆவியாகிப் போகும், வெயில் மறுபடி சுட்டுவிடும். சூரியன் இறங்கின பிறகு ஆறு மணி சுமாருக்குத் தெளிக்க வேண்டும். அந்த ஈரம் ஆவியாகும்போது தளத்துச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். நான்கு குடம் போதும், குளம் கட்ட வேண்டாம். குடிதண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், நமக்கு வருவது மேட்டூர்க் காவிரித் தண்ணீர், கோடையில் அதன் அருமை இங்கே எல்லோருக்கும் தெரியும். துணி அலசின தண்ணீர், ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளுகிற தண்ணீர் இவை போதும்.

ஜன்னல் விஷயத்தில் சென்னைப் பழக்கத்தை மறக்க வேண்டும். அங்கே மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும், ஜன்னலைத் திறந்து வைப்பீர்கள். சேலம் கடலைவிட்டு வெகுதூரம். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று சுற்றிலும் கல்லும் பாறையுமாக நிற்க நடுவில் வாணலி மாதிரி ஊர் உட்கார்ந்திருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் அடிக்கிற காற்று பாறையைத் தடவிக்கொண்டு வருகிற அனல். ஒன்பது மணிக்கே ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுங்கள், மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் வெளிப்பக்கமாக ஒரு கோரைப் பாயோ தட்டியோ தொங்கவிடுங்கள், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை போட்டுத் தடுத்து என்ன பயன். மாலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் திறந்து, காலை ஒன்பது வரை திறந்தே கிடக்கட்டும். கொசுவலை அடிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் இப்போதே சண்டை போட்டு வையுங்கள்.

சரி, கூலரா ஏசியா. இங்கே ஒரு நல்ல விஷயம், மார்ச், ஏப்ரலில் சேலத்துக் காற்று காய்ந்த காற்று. சென்னை மாதிரி உடம்பு பிசுபிசுக்காது. கூலர் என்பது ஈரப் பேடு வழியாகக் காற்றை இழுத்து, தண்ணீர் ஆவியாகிற குளிர்ச்சியை உள்ளே தள்ளுகிற பெட்டி, காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்யும். சென்னையில் பயன்படாத கூலர் இங்கே ஏப்ரலில் ஜம்மென்று ஓடும். மே மாதம் இரண்டு கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறினதும் அதே கூலர் மந்தமாகிவிடும், அப்போது என்னைக் கூப்பிட்டு ரிப்பேர் என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்கிற தப்பு, ஏசி மாதிரி கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கூலரை நடு ஹாலில் வைப்பது. அரை மணி நேரத்தில் அறையே ஈரக் கிடங்காகிவிடும், காற்று வீசும் ஆனால் குளிராது. பகலில் ஜன்னலை மூடச் சொன்னேனே, கூலர் ஓடும்போது மட்டும் அது வேண்டாம், கூலரின் முதுகு திறந்த ஜன்னலைப் பார்த்து இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவோ கால்வாசி திறந்திருக்க வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் பேடில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து பம்பு அடைத்துக்கொள்ளும், முடிந்தவரை நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை தொட்டியைக் கொட்டித் தேயுங்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது இந்த மாதிரி சுத்தமான தேங்கின தண்ணீரில்தான்.

அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரு அறைக்கு மட்டும் ஏசி போடுவது தப்பில்லை, மே மாதத்துக்கு உதவும். ஆனால் கூரையைக் கவனிக்காமல் மாட்டினால் ஏசி அறையைக் குளிர வைக்கப் பார்க்கும், கூரை சுட வைக்கப் பார்க்கும், கரண்ட் பில் உங்கள் தலையில் விழும். 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டால் 20-ல் வைத்ததற்கு ஈடாகத் தூக்கம் வரும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின் கட்டணம் போடும் கணக்கே வேறு, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாக வரும் என்று நினைத்து ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30, 35 வாட்டில் ஓடிவிடும். பழசையே கொண்டு வருகிறீர்கள் என்றால், ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே மாற்றக் கிளம்பாதீர்கள், பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும், நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. (இதைச் சொன்னால் என் பிழைப்புக்குக் கேடு, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.)

இனி ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டீர்கள். உங்கள் அலாரத்தை ஐந்துக்கு மாற்றுங்கள். நீங்கள் வருகிறது நெசவுக்காரர்கள் பேட்டை, அங்கே விடியற்காலைதான் தெருவுக்கு உயிர். முன்னே அளவுக்கு இல்லை என்றாலும் இன்னமும் சில சந்துகளில் வெயில் ஏறுவதற்குள் தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறிக்கு நீளவாக்கில் போகிற நூலை, நீட்டிக் கஞ்சி போடுகிறதைப் பார்க்கலாம், வண்டியை அதன் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், நூலை மிதித்தால் மட்டும் சொல்லுவார்கள். காய்ந்த காற்றில் நூல் படக் படக்கென்று அறும், அதனால் கைத்தறிக்காரர்கள் தறிக்குழியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது இடுப்புக்குக் கீழே ஒரு குளிர்ச்சி. எங்கள் தாத்தா நெசவாளி, மத்தியானம் தறியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார், பாட்டி திட்டினால் "உள்ள வந்து உக்காந்து பாரு" என்பார்.

ஆறு மணிக்குப் பாத்ரூமில் இருக்கிற அத்தனை வாளியும் அண்டாவும் நிரம்ப வேண்டும். இது மிக முக்கியம், யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். மாடியில் இருக்கிற கறுப்புத் தொட்டியும் வெயிலில் ஓடுகிற குழாயும் பகலில் கொதித்துவிடும், மத்தியானம் குழந்தைக்குக் கால் கழுவக் குழாயைத் திறந்தால் தோல் சிவந்துவிடும். காலையில் பிடித்து உள்ளே வைத்த தண்ணீரில்தான் சாயங்காலக் குளியல்.

காய்கறிக்கு அம்மாபேட்டை உழவர் சந்தை பக்கம், ஏழு மணிக்குள் போனால் கீரை வாடாமல் கிடைக்கும். சமையல் ஒன்பதுக்குள் முடிந்துவிட வேண்டும், அதற்கு மேல் அடுப்பு எரிந்தால் வீடே அடுப்புதான். காலைக்குப் பழைய சோறு, தயிர், சின்ன வெங்காயம். தெருவில் கம்பங்கூழ் வண்டி பத்து மணிக்கே நிற்கும், மோர் மிளகாயும் கொத்தவரை வற்றலும் மாங்காயும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள், ஒரு செம்பு குடித்தால் இரண்டு மணி வரை பசி தெரியாது. கூழில் போடுகிற ஐஸ் எங்கே இருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஐஸ் போடாமல் கேட்டால் அப்படியே தருவார்கள்.

மண்பானை வாங்குங்கள், ஆனால் பெயிண்ட் அடித்த, பளபளப்பான பானை வாங்காதீர்கள். பானை உடம்பில் கசிகிற நீர் ஆவியானால்தான் உள்ளே இருப்பது குளிரும், பெயிண்ட் அந்தத் துளையை அடைத்துவிடும். ஈர மணல்மேல், காற்று படுகிற இடத்தில் வையுங்கள், பலர் சமையல் மேடை மூலையில் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்கிறார்கள். கழுவும்போது சோப்பு போடாதீர்கள், தேங்காய் நார் போதும்.

பதினொன்றிலிருந்து நாலு வரைக்கும் சேலம் பாதி மூடின ஊர். ஐந்து ரோடு சந்திப்பில் பார்த்தால் தெரியும், சிக்னல் கோட்டுக்கு நாற்பது அடி முன்னாலேயே பைக்குகள் எல்லாம் மேம்பாலத்து நிழலில் கூட்டமாக நிற்கும், கோட்டுப் பக்கம் வெயிலில் காலியாக இருக்கும், ஊருக்குப் புதுசு யார் என்று அங்கே கண்டுபிடித்துவிடலாம். வங்கி வேலை, கடை வேலை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பத்தரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஐந்துக்கு மேல். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. எல்லோரும் மே 4-ல் தொடங்குகிற அக்னி நட்சத்திரத்தைத்தான் பயத்தோடு சொல்லுவார்கள், என் கணக்கில் சேலத்துக்கு ஏப்ரல்தான் மோசம். 38, 39 டிகிரி சாதாரணம், சில நாள் 40-ஐத் தாண்டும். மே மாதத்தில் நடுநடுவே சாயங்கால இடிமழை வந்து ஒரு ராத்திரியாவது கம்பளி தேட வைக்கும்.

காய்ந்த வெயிலில் ஒரு ஏமாற்று உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷம் முன்னால் ஒரு லாட்ஜில் மொட்டைமாடி வேலை, சீக்கிரம் முடித்தால்தான் ஆச்சு என்று பன்னிரண்டு மணிக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். வேர்வை வந்த உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறதென்றே தெரியவில்லை. சட்டையில் உப்புக் கோடு மட்டும் இருந்தது. ஒரு மணிக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடிக்கொண்டிருந்தேன், நல்லவேளை கூட வந்த பையன் கவனித்து நிழலுக்கு இழுத்து வந்து தலையில் தண்ணீர் ஊற்றினான். பேச்சுக் குழறினால், வேர்வை நின்று உடம்பு நெருப்பாகக் கொதித்தால், உடம்பை நனைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும், மோர் கொடுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, நினைவு தப்புகிறவர் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது.

உங்கள் அம்மா விஷயத்தில்தான் எனக்குக் கவலை. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, கேட்டால் "வேண்டாம்பா" என்பார்கள். கேட்காதீர்கள், மணிக்கொரு டம்ளர் கையில் கொடுத்துவிடுங்கள். பிரஷருக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுக்கிறவர் என்றால் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவருடைய டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தட்டையாக அளந்து போடுங்கள், கையளவில் உப்பு அள்ளிப் போடாதீர்கள். குழந்தைக்கு வேர்க்குரு வந்தால் இங்கே எல்லோரும் நுங்குத் தண்ணீரைத் தடவுவார்கள், என் பிள்ளைகளுக்கும் அதுதான். பவுடரை அப்பி அடைக்காமல் இருந்தாலே பாதி சரியாகும்.

அம்மாவுக்குப் பொழுது போக ஒரு வேலையும் சொல்கிறேன், ஜவ்வரிசி வடகம். நாட்டில் ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊர் நம் ஊர்தான், ஆத்தூர் போகிற வழியில் பார்த்தால் சேகோ ஃபேக்டரிக் களத்தில் வெள்ளை வெளேரென்று காயும், இந்த வெயிலைத் திட்டாத ஒரே கூட்டம் அவர்கள்தான். ராத்திரியே ஊற வைத்துக் காலை ஐந்தரைக்குக் காய்ச்சி, ஆறரைக்கு மாடியில் பழைய வேட்டி விரித்து ஊற்றிவிட்டு இறங்கிவிட வேண்டும். இரண்டு நாளில் உரிந்து வரும். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே கறுத்தால் மட்டும் ஓடிப்போய் எடுத்துவிடுங்கள்.

ஆறு மணிக்கு மேல் ஊர் மறுபடி பிறக்கும். தட்டுவடை செட் சாப்பிடாமல் சேலத்தில் ஒரு சாயங்காலம் முடியாது, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலும் இரண்டு விதச் சட்னியும், காரம் கண்ணைத் திறக்கும். வெயிலுக்கு இவ்வளவு காரம் நல்லதா என்று கேட்டால் பதில் இல்லை, நல்லா இருக்கும். மாம்பழத்தில் செந்தூரா முன்னால் வந்துவிடும், மல்கோவாவுக்கு மே கடைசி வரை பொறுங்கள், அதற்கு முன்னால் ஏப்ரலிலேயே மஞ்சளாக மின்னுகிற மல்கோவாவை நான் வாங்க மாட்டேன், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படித் தடை என்றாலும் அதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள், வாசனை இல்லாவிட்டால் வேண்டாம்.

கடைசியாக ஏற்காடு. மேலே போனால் எட்டுப் பத்து டிகிரி குறையும், உண்மைதான், சேலம் 280 மீட்டர் உயரம் சுமார், ஏற்காடு 1,500 மீட்டர். ஆனால் மே மாதம் சனி ஞாயிறு போகாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை நிற்கும், அதுவும் கோடை விழா, மலர்க் கண்காட்சி நடக்கிற நாளென்றால் ஏரியைச் சுற்றி நிற்க இடமிருக்காது, அறை வாடகை இரண்டு மடங்கு, தண்ணீர்த் தட்டுப்பாடு அங்கேயும் உண்டு. லீவு போட்டு ஒரு செவ்வாய், புதன் விடியற்காலை ஏறுங்கள். ஏப்ரலில் ஒரு மழை பெய்து சில நாள் கழித்துப் போனால் காபித் தோட்டங்கள் பூத்திருக்கும், முழு மலையும் மல்லிகை மாதிரி மணக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டு வந்து வைத்த செடி இது என்பார்கள், இங்கே வெயில் தாங்காமல்தான் மேலே ஏறியிருப்பார் என்பது என் சொந்த ஊகம். இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகின வாசனை வரும். மத்தியானம் இறங்காதீர்கள், அடிவாரத்தில் அனல் முகத்தில் அறைந்தால் மேலே போய் வந்த சுகம் அங்கேயே போய்விடும். ஏழு மணிக்கு மேல் இறங்கினால் வளைவுகளில் ஊர் விளக்கெல்லாம் தெரியும், வீட்டுக்கு வரும்போது கூரையும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சாமான் லாரியை விடியற்காலை வந்து சேருகிற மாதிரிப் பேசுங்கள். பத்து மணிக்கு மேல் இரண்டு மாடி பீரோ ஏற்றுகிறவர்கள் பாவம், கூலியும் கூடக் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். முதலில் ஏற்ற வேண்டியது ஃபேன் பெட்டியும் இரண்டு அண்டாவும், கட்டில் பீரோவெல்லாம் பின்னால் வரட்டும்.